விண்டோஸ் 11-க்கு மாறுவதற்கு முன்: பழைய கணினியும் பழைய தமிழ்க் கோப்புகளும்

ஜார்ஜ்டவுன் – கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி நிரல், சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அறிக்கை. பல ஆண்டுகளாக இவையெல்லாம் கணினியில்தான் தயாராகின்றன. பினாங்கு லிட்டல் இந்தியா அச்சகமாக இருந்தாலும் சரி, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டக் கோயில் நிர்வாகமாக இருந்தாலும் சரி, ஒரு பழைய கணினி ஒரு மூலையில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கணினிகளுக்கு இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. கணினி தொடர்ந்து இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளச் சொல்கிறது நிறுவனம். மாறுவது சொல்வதுபோல் எளிதாக இல்லை. தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதில் கூடுதல் தொல்லையும் இருக்கிறது.

நன்றாக ஓடும் கணினிக்கும் அனுமதி இல்லை

விண்டோஸ் 11 முதன்முதலில் 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியானது. குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என்றார்கள். அது பெரிய நிபந்தனை அல்ல. மற்ற இரண்டுதான் பலரையும் வாசலிலேயே நிறுத்தின.

முதலாவது, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதி. கடவுச்சொற்களுக்கும் குறியாக்கத்துக்கும் உரிய சாவிகளைத் தனியே பூட்டிவைக்கும் வேலை அதனுடையது. இரண்டாவது, செயலியின் வயது. இன்டெல் செயலி என்றால், சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை 2017-இல்தான் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நல்ல விலை கொடுத்து ஏழாம் தலைமுறைக் கணினி வாங்கியவருக்கும் அனுமதி இல்லை.

இன்டெல் நிறுவனம் 1972 முதல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை நடத்திவருகிறது. பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தத் தொழிற்பேட்டை புதிய இடம் அல்ல. சில்லு செய்யும் ஊரிலேயே, பழுதில்லாத சில்லு உள்ள கணினியை ஒதுக்கிவைக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

ஆனாலும் அவசரப்பட்டுப் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. டி.பி.எம். வசதி இருந்தும் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும் கணினிகள் உண்டு. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை இலவசமாக இறக்கி ஓட்டினால், கணினி தகுதி பெறுகிறதா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் என்பது தெரிந்துவிடும். டி.பி.எம். மட்டுமே குறை என்றால், பயாஸ் அமைப்பில் அதை இயக்கிப் பார்க்கலாம்.

பழகிய கைக்குப் பிடிபடாத மாற்றங்கள்

இயங்குதளம் மாறும்போதெல்லாம் இந்தப் புலம்பல் எழுவது வழக்கம்தான். 2012-இல் வந்த விண்டோஸ் 8, ‘ஸ்டார்ட்’ பொத்தானையே எடுத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் அது திரும்பி வந்தது. விண்டோஸ் 11 வந்தபோது, கீழே உள்ள பணிப்பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கோ மேலேயோ நகர்த்தும் வசதி காணாமல் போனது. வலப்பக்கச் சொடுக்கில் வரும் பட்டியலும் சுருக்கப்பட்டது. முன்பு ஒரே சொடுக்கில் கிடைத்த சில கட்டளைகளுக்கு இப்போது இரண்டு சொடுக்கு தேவை.

இவை எரிச்சல் தருபவை. இழப்பு தருபவை அல்ல. இழப்பு ஏற்பட்ட நேரமும் உண்டு. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய கணினிகளில் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, குறையைச் சரிசெய்து, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. முன்கூட்டியே படி எடுத்துவைத்தவர்கள் தப்பினார்கள்.

இன்னொரு தொல்லை, விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்க இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கப்படுவது. இணைய வேகம் குறைவான தோட்டப்புறங்களில் இது பொறுமையைச் சோதிக்கும். ஆவணங்களை ‘ஒன்டிரைவ்’ சேமிப்பகத்துக்கு மாற்றும்படியும் கணினி கேட்கும். அங்கே இலவச இடம் 5 ஜிகாபைட்தான். ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு கோப்புகளைப் பழைய இடத்தில் தேடித் தவிப்பவர்கள் உண்டு. அவை ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும்.

தமிழுக்கு உள்ள தனிச் சிக்கல்

1990-களில் தமிழுக்குப் பொதுவான குறியீடு நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் மற்ற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்களைச் செய்தார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குப் பொருந்தாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. இணையக் குழுக்களில் டிஸ்கி குறியீடு புழங்கியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பரவலாகப் பயன்பட்டது.

யூனிகோட் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். விண்டோஸ் 2000 முதல் அந்த முறையில் தமிழ் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில்கூட, குறுவட்டைப் போட்டுத் தனி வசதியை நிறுவினால்தான் தமிழ் சரியாகத் தெரியும். விஸ்டா வந்த பிறகுதான் அது தானாகக் கிடைத்தது.

இதனால் பழைய கோப்புகள் மூன்று விதமாகச் சிக்குகின்றன.

முதலாவது, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் உள்ள கோப்பு. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால், தமிழ் இருந்த இடத்தில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, படிக்கும் சாவிதான் இல்லை. கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடக் கூடாது.

இரண்டாவது, லதா எழுத்துருவில் உள்ள கோப்பு. இது யூனிகோட்தான், படிக்க முடியும். ஆனால் விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்கள் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. தமிழை மொழிப் பட்டியலில் சேர்க்காத கணினியில் அவை இருக்காது. அவற்றுக்குப் பதில் நிர்மலா எழுத்துரு வந்து நிற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால், ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அழைப்பிதழ் இரண்டாம் பக்கத்துக்கு வழியும்.

மூன்றாவது, பழைய தமிழ் மென்பொருள். விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதப்பட்ட 16-பிட் மென்பொருள்கள் 32-பிட் விண்டோஸ் 10 வரையில் எப்படியோ ஓடின. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. அதனால் அவை ஓடமாட்டா.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் படி எடுக்க வேண்டும். முக்கியமானவற்றுக்கு இரண்டு படிகள் நல்லது.

2. பழைய எழுத்துருக்களையும் சேர்த்துப் படி எடுக்க வேண்டும். அவை விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான்.

3. முக்கிய ஆவணங்களைப் பழைய கணினியிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றி வைக்கலாம். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிட்டால், எந்தக் கணினியிலும் அதே வடிவில் தெரியும்.

4. திருத்தம் தேவைப்படும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கென்றே சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் உருவாக்கப்பட்டுள்ளன. மாற்றியதும் மூலத்துடன் ஒப்பிட்டுப் படிப்பது அவசியம்.

5. புதிய கணினியில் முதல் வேலையாக, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்க வேண்டும். லதா வரவில்லை என்றால், ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களை நிறுவலாம். பிறகு விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்99, அஞ்சல் இரண்டும் இப்போது விண்டோஸிலேயே உள்ளன. முதலில் வந்து நிற்பது பழகிய விசைப்பலகையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

6. பழைய அச்சுப்பொறி புதிய இயங்குதளத்துடன் வேலை செய்யுமா என்று தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே மாற முடியாதவர்களுக்கு

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது 1,000 ‘ரிவார்ட்ஸ்’ புள்ளிகளைக் கொடுக்கலாம். எந்த வழியிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தேவை.

பழைய மென்பொருளை விடவே முடியாத அச்சகமோ சங்கமோ அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, தமிழ்ப் பக்கம் கோப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றை அதில் திறக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் விரலியையும் சோதித்த பிறகே செருக வேண்டும்.

கணினி பழையதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இருபது ஆண்டுக்கு முந்திய உறுப்பினர் பட்டியலையும் நன்கொடையாளர் பெயர்களையும் கூட்டக் குறிப்புகளையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கணினி கடைக்காரரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், யாராவது ஒருவர் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அவற்றைப் படி எடுத்துவைப்பது நல்லது.