கேப்டன் மார்டெலின் ஏழாவது அறுவை

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் சோற்றுப் பருக்கை அளவில் ஒட்டிக்கிடக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் முதலில் குறித்துவைத்தார். மனித உடலில் அவற்றைக் கண்டு 1880-இல் எழுதியவர் ஸ்வீடனின் உப்சாலாவில் படித்துவந்த மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். அப்போது அதை யாரும் சட்டைசெய்யவில்லை.

ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இந்தச் சுரப்பிகளின் வேலை. ஒன்று வீங்கி அளவுக்கு மீறிச் சுரந்தால் எலும்பு கரையும், சிறுநீரகத்தில் கல் சேரும். ஆனால் அன்றைய மருத்துவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்: எலும்பு நலிவதால்தான், அதை ஈடுகட்டச் சுரப்பி பெருக்கிறதாம்!

வியன்னாவில் அறுவை மருத்துவர் பெலிக்ஸ் மாண்டலிடம் வந்த டிராம் நடத்துநர் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தார். எலும்புகள் நலிந்து, தொடை எலும்பும் முறிந்து கிடந்தவருக்கு மேற்கொண்டு சுரப்பிச் சாற்றையே ஏற்றினார்கள். இறந்த ஒருவரின் சுரப்பியையும் பொருத்திப் பார்த்தார்கள். பலன் இல்லை. கடைசியில் 1925 ஜூலையில் மாண்டல் கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றினார். நோயாளி தேறினார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது வேறு கதை.

அமெரிக்க வணிகக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்டெலின் கதை இன்னும் கொடியது. ஆறடிக்கு மேல் இருந்தவர் நோயில் ஏழு அங்குலம் குறுகிப்போனார். 1926-இல் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது; கட்டி எங்கே என்பதுதான் தெரியவில்லை. அறுவை மேல் அறுவை, ஆறு முறை வீண். கேப்டன் சும்மா இருக்கவில்லை. உடற்கூறு நூல்களைத் தேடிப் படித்தார். நெஞ்சுக்குள்ளும் பாருங்கள் என்று வற்புறுத்தினார். 1932-இல் பாஸ்டனில் எட்வர்டு சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் நெஞ்சைத் திறந்தார்கள். மூன்று சென்டிமீட்டர் கட்டி அங்கேதான் இருந்தது. நோயாளி சொன்னதை முன்பே கேட்டிருக்கலாம்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. நெஞ்சு அறுவைக்குப் பின் சில வாரங்களிலேயே, சிறுநீர்க் குழாயில் அடைத்த கல்லுக்கான அறுவையைத் தொடர்ந்து அவர் இறந்தார்.

இன்று கட்டி எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் ஸ்கேன் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கட்டி வெளியே வந்த பத்து நிமிடத்தில் ரத்தத்தில் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் அளவு பாதிக்கும் கீழே இறங்குகிறதா என்று அறுவை மேசையிலேயே பார்த்துவிடலாம். சந்தேகத்தைக் கிளப்பிவிட ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள், கால்சியம் அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.