கோலாலம்பூர் நாகசுரமும் ராமமணியின் குரலும்: ஜாஸ் இசையோடு ஒரு சந்திப்பு

மலேசியத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயில், வானொலி, திரைப்பாடல் என்னும் மூன்று எல்லைகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். இந்நகரில் ஒலித்த நாகசுரம் அயல்நாட்டு ஜாஸ் கலைஞர் ஒருவரின் செவியை ஈர்த்ததும், பின்னாளில் அவர் கருநாடக இசைப் பாடகி ஒருவருடன் இணைந்ததும் இவ்வரலாற்றில் சேர்க்கத்தக்கனவாகும்.

பாஸ்டனில் 1923இல் பிறந்த சார்லி மரியானோ, சார்லஸ் மிங்கஸின் குழுவில் 1963இல் வாசித்துப் பெயர்பெற்ற சாக்சபோன் கலைஞர். 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்கு வழிகாட்டக் கோலாலம்பூர் வந்தார். நாகசுரத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது இங்கேதான். பின்னர், 1970களில் தென்னிந்தியா சென்று அக்கருவியைப் பயின்றார். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் கோயில்களில் நாகசுரம் ஒலிக்கும்போது, அதனைக் கேட்டும் கேளாதவராய் நாம் அன்னதான வரிசையில் நிற்பது வழக்கம். வந்தவரோ நின்று கேட்டிருக்கிறார்.

நாகசுரத்தில் விசைகள் இல்லை. துளையைப் பாதி மூடியும், மூச்சையும் உதட்டின் அழுத்தத்தையும் மாற்றியுமே கமகங்கள் எழுப்பப்படுகின்றன. சாக்சபோனோ விசைகளால் சுரங்களைத் தனித்தனியே பிரித்துத் தருவது. நாகசுரப் பயிற்சி பெற்ற ஒருவர் சாக்சபோனிலும் சுரங்களுக்கு இடைப்பட்ட வழுக்கல்களைத் தேடுவது இயல்பே. மனிதக் குரலுக்கு அருகில் செல்லும் வழியும் அதுவேயாகும்.

அக்குரல் ஆர். ஏ. ராமமணியினுடையது. மிருதங்க வித்துவான் டி. ஏ. எஸ். மணி 1964இல் பெங்களூரில் நிறுவிய கருநாடகத் தாளவாத்தியக் கல்லூரியின் குழுவில் அவர் முதன்மைப் பாடகி. அக்குழுவும் மரியானோவும் இணைந்து வழங்கிய 'ஜோதி' என்னும் இசைத்தட்டு 1983இல் ஜெர்மானிய நிறுவனமான ஈ.சி.எம். வழியாக வெளிவந்தது. அதன் தொடக்கமே ராமமணியின் தனிக்குரல். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பியானோவோ ஜாஸ் முரசுத் தொகுதியோ இல்லை. ஜாஸ் இசையின் அடித்தளமான சுர அடுக்கு மாற்றங்கள் இங்கே விலகிக்கொள்ள, இராகமும் தாளச் சுழற்சியுமே களமாகின்றன. விருந்தாளி வீட்டின் ஒழுங்கிற்கு உட்படுகிறார் என்பதே என் கணிப்பு.

ஜாஸ் பாடகர்களின் பொருளற்ற அசைப்பாடலையும் கொன்னக்கோலையும் ஒன்றெனக் கூறுவாருமுளர். அது பொருந்தாது. முன்னது பெரும்பாலும் பாடுவோரின் அப்போதைய கற்பனை. பின்னது மிருதங்கப் பாடத்தோடு இணைந்த சொற்கட்டுகளைக் கொண்ட, கணக்கிற்குக் கட்டுப்பட்ட கலை. இவ்வேறுபாட்டை மறைப்போர், அறியாமலேயே, கீழைக்குரலை வெறும் அலங்காரமாக்கிவிடுகின்றனர். 'ஜோதி'யின் உருப்படிகளை இயற்றியவர் ராமமணியே என்பது ஈண்டு வலியுறுத்தத்தக்கது. எனினும் மரியானோவின் பெயரே அட்டையில் முதலில் நிற்பதால், நூலகத்தில் தேடுவோர் அவரது படைப்பாகவே இதனைக் கொள்ள நேர்கிறது.

எதிர்த்திசைப் பயணத்திற்கும் சான்றுண்டு. நாகசுர மரபுக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், சாக்சபோனைக் கருநாடக இசை மேடைக்கு உரியதாக்கினார்.

மரியானோ 2009இலும், டி. ஏ. எஸ். மணி 2020இலும் மறைந்தனர். 1960களில் கிள்ளான் பள்ளத்தாக்குக் கோயில்களில் வாசித்த நாகசுரக் கலைஞர்களின் பெயர்களையும் அவர்தம் குடும்பத்தார் நினைவுகளையும் திரட்டும் பணியை நம் மாணவர்கள் இளங்கலை ஆய்வேட்டுக்குரிய பொருளாக மேற்கொள்ளலாம். முதியோர் சிலரேனும் இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.