மிருதங்கம் செய்தவர் யார்?

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் அரங்கமே கைதட்டும். வாசித்தவருக்கு அது நியாயமான பாராட்டுதான். ஆனால் அந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பலா மரத்தில் குடைந்த கட்டை. பசு, எருமை, ஆடு என மூன்று விலங்குகளின் தோல். வலந்தலையின் நடுவே தெரியும் கறுப்பு வட்டத்துக்குக் கரணை என்று பெயர். கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவார்கள். எந்தத் தோல் நல்ல நாதம் தரும் என்பது அதைத் தொட்டுப் பழகிய கைக்குத்தான் தெரியும்.

பாலக்காடு மணி ஐயரை (1912–1981) ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவை எத்தனை பேருக்குத் தெரியும்?

இவரைப் போன்றவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். இவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். நூல் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் மேடை ஏறலாம், அதைப் பதப்படுத்திக் கட்டியவரின் கதை ஏறக்கூடாதா?

நான் படிக்கும் வணிகவியலில், ஒவ்வொரு பற்றுக்கும் ஈடான வரவு உண்டு என்பது முதல் பாடம். நம் இசையின் கணக்கில் இவர்களுடைய வரவு நெடுங்காலம் எழுதப்படவே இல்லை. கச்சேரி அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரர் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால் அந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம். செலவு ஒன்றும் இல்லை நண்பர்களே!