கூண்டுக்குள் கூட்டல்: கில்லர் சுடோகு

கில்லர் சுடோகு 1990களின் நடுவிலேயே ஜப்பானில் புழக்கத்தில் இருந்தது. அதன் தாய்ப் புதிரான சுடோகுவின் பிறப்பிடம் அமெரிக்கா. கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படும் அப்புதிர், 1979-இல் டெல் பதிப்பகத்தின் புதிர் இதழில் வெளிவந்தது. 1984-இல் நிகோலி என்ற புதிர் வெளியீட்டு நிறுவனம் வழியாக ஜப்பானுக்குப் போனது. லண்டன் 'தி டைம்ஸ்' 2004 நவம்பரில் சுடோகுவை அச்சிட, பிரிட்டனே அதில் மூழ்கியது. மறு ஆண்டே அதே நாளிதழ் கில்லரையும் கொண்டுவந்தது. பெயர்தான் மிரட்டல், கூட்டலுக்கு அஞ்சாதவர்களுக்குக் கடினமான சாதாரண சுடோகுவைவிட இதன் எளிய வகை சுலபமாகவே படும்.

இதில் பெரும்பாலும் தொடக்க எண்களே இரா. புள்ளிக்கோட்டால் சூழப்பட்ட கூண்டுகளும் அவற்றின் மூலையில் கூட்டுத்தொகையும் மட்டும் இருக்கும். ஒரு கூண்டுக்குள் எந்த எண்ணும் இருமுறை வராது. அதனால் இரு கட்டக் கூண்டின் தொகை 3 என்றால் 1, 2. 17 என்றால் 8, 9. மூன்று கட்டத்தில் 24 என்றால் 7, 8, 9 தவிர வேறு வழியில்லை.

உண்மையான ஆயுதம் 45. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் கிடைப்பது அது. சுடோகுவில் ஒவ்வொரு வரிசையிலும், நிரலிலும், ஒன்பது கட்டப் பெட்டியிலும் இந்த ஒன்பது எண்களும் ஒருமுறை மட்டுமே வரும். ஆகவே அவை ஒவ்வொன்றுக்கும் அதுவே தொகை. ஒரு பெட்டியை முழுக்க மூடும் கூண்டுகளில் ஒன்று, பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு கட்டம் நீள்கிறது என்க. அக்கூண்டுகளின் மொத்தம் 49 என்றால், வெளியே நீண்ட கட்டத்தில் 4. எந்த எண்ணும் நிரப்பப்படாத நிலையிலேயே இப்படி ஒரு விடை விழுந்துவிடும்.