ஆயாக்கொட்டகையிலிருந்து ஆலோசனை அறை வரை

பிள்ளையைப் பெறுவது ஒரு நாள் நோவு. வளர்ப்பதோ பல்லாண்டுப் பொறுப்பு. அப்பொறுப்பைத் தாயும் தந்தையும் மட்டுமே தனித்துச் சுமப்பது தமிழர் வழக்கமாக இருந்ததில்லை. பாட்டியும் அத்தையும் தாய்மாமனும் ஊர்ப் பெரியோரும் அதில் பங்கு கொண்டனர். அப்பங்காளிகள் அருகில் இல்லாமற் போனபோது பெற்றோர் யாரை நாடினர்? இன்று யாரை நாட வேண்டும்? வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை பகர்கின்றது.

கோலசிலாங்கூர்க் கடற்கரை தொடங்கி, உலு சிலாங்கூரில் ராசா, கோலகுபு வரையில் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தனர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் 1917ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலேயே உருவாயிற்று. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே தொடங்கிய அத்தோட்டத்திற்குத் ‘தென்னமரம்’ என்னும் தமிழ்ப்பெயர் நிலைத்தது. பெயர் தமிழாயிற்று, ஆயினும் தமிழகத்துக் குடும்பம் முழுமையாகக் கடல் கடந்து வரவில்லை. கங்காணிமார் உழைக்கும் வயதினரையே திரட்டி வந்தனர். பிள்ளைக்கு மருந்து உரைத்துப் புகட்டும் பாட்டியும், குறும்பு மிகுந்தால் அதட்டும் தாய்மாமனும் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டனர்.

வெயில் ஏறுமுன் மரம் சீவினால்தான் பால் நன்கு வடியும். ஆதலால் பொழுது புலருமுன்னரே பெற்றோர் இருவரும் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். உறங்கும் குழந்தையைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்று ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனாள் தாய். மரம் வெட்ட இயலாத வயதை அடைந்த பெண்மணியே பெரும்பாலும் அங்கு ஆயாவாக இருந்தாள். எந்தப் பிள்ளை எதற்கு அழும், எந்தப் பிள்ளை பிறரைக் கடிக்கும், எது பேசத் தாமதிக்கின்றது என்பனவற்றை அவள் அறிவாள். மாலையில் தாயிடம் அவற்றை எடுத்துரைப்பாள். லயத்து அண்டை வீட்டார் அத்தையாகவும் சித்தப்பாவாகவும் உறவு பூண்டனர். காய்ச்சலென்றால் டிரெசர், பயந்த பிள்ளைக்குப் பூசாரி கட்டும் கயிறு, படிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் தமிழ்ப்பள்ளி வாத்தியார். இவ்வாறு பெற்றோர்க்கு வேண்டிய துணை லயத்தின் எல்லைக்குள்ளேயே ஓரளவு கிடைத்தது.

எனினும் அதனைப் பொற்காலமென்று புனைந்துரைப்பது வரலாறு ஆகாது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியைப் பிள்ளைக்கும் பொருத்தியவர் பலர். மாலை வேளையில் தந்தையின் கூலி கள்ளுக்கடையில் கரைந்தது. இக்குறைகளைப் பெற்றோர் உணராமலும் இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு, சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தம் அதற்குச் சான்றாகும். ஆர்.எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும் என்பனவும் அதன் கோரிக்கைகள். ஆட்சியாளர் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினர். ஆயினும் பிள்ளை வளர்ப்புக்குத் துணை கேட்பது இழிவன்று, உரிமை என்பதை எழுத்தறியாத அப்பெற்றோர் அன்றே உரைத்துவிட்டனர்.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில், சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர், மீளாதவர் பலர். தந்தையற்ற குடும்பங்கள் லயங்களில் மிகுந்தன. போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் தோற்றுவித்த சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்று வளர்த்தது. ஆனால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட தாய்மார்க்கும் பிள்ளைகளுக்கும் மனக்காயத்தை ஆற்றுவார் எவருமிலர். மனத்துயர்க்கு மருத்துவம் என்றவுடன் மக்கள் நினைவில் எழுந்தது பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் ஒன்றே. அங்கு 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை, 1971ஆம் ஆண்டு ‘பகாகியா’, அதாவது ‘மகிழ்ச்சி’ என்னும் பொருள்படும் புதுப்பெயர் பெற்றது. பெயர் மாறியும் பழைய ஊர்ப்பெயர் ஏளனச் சொல்லாகவே நீடித்தது. பிள்ளையைப் பற்றி ஆலோசனை கேட்கப் பெற்றோர் கூசியதற்கு அவ்வேளனமும் ஒரு காரணமாகும்.

உலகின் பிற பகுதிகளில் இதற்குள் வேறொரு மரபு தோன்றியிருந்தது. 1909ஆம் ஆண்டு சிக்காகோவில் மருத்துவர் வில்லியம் ஹீலி, குற்றமிழைத்த சிறுவர்களைத் தண்டிப்பதற்கு மாறாக அவர்தம் வாழ்வை ஆராயும் நிலையமொன்றைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா சமூகப்பணிக் கல்விக்கூடம் குழந்தை வழிகாட்டு நிலையம் திறந்தது. தமிழகத்தில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பு முறையைக் கற்க வழி செய்தது. பிள்ளையை மட்டும் திருத்த முயல்வது போதாது, பெற்றோர்க்கும் கைகொடுக்க வேண்டும் என்பதே இம்முயற்சிகளால் தெளிந்த உண்மை.

மலேசியாவிலும் 1960களில் பள்ளிகளில் வழிகாட்டற்பணி தொடங்கிற்று. 1966ஆம் ஆண்டு அமைந்த தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் பின்னர்க் குடும்ப ஆலோசனையையும் மேற்கொண்டது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெற்றவரே அத்தொழிலை நடத்தலாம் என வரையறுத்தது. ஆனால் கதவுகள் திறந்த அதே காலத்திலேதான் லயங்கள் கலைந்தன. 1980கள் தொட்டுத் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. மக்கள் சிறு நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். ஆயா இல்லை, அண்டை வீட்டாரின் பெயரும் தெரியாது, தாய்க்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. தொல்லை முற்றிய பின்னரே பலர் துணை தேடினர். பிள்ளை தம் கட்டுக்கு அடங்கவில்லையென்று பெற்றோரே நீதிமன்றத்திற்கு எழுதிக் கொடுக்க 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இடமளித்தது. பெற்றவர் கையால் அத்தகைய விண்ணப்பம் எழுதப்படுவதினும் பெருந்துயர் உண்டோ?

அந்நிலை வருமுன் நாடத்தக்கவர் யாவர் என்பதைத் தெளிதல் வேண்டும். மனநல மருத்துவர் நோயை ஆராய்ந்து மருந்தும் தருபவர். உளவியலாளர் பிள்ளையின் அறிவு, கவனம், நடத்தை ஆகியவற்றைச் சோதித்துப் பயிற்சி அளிப்பவர். ஆலோசகர் பெற்றோரின் சினத்தையும் அச்சத்தையும் செவிமடுத்து, வீட்டில் கைக்கொள்ளத்தக்க வழிகளை அவர்களோடு சேர்ந்து வகுப்பவர். அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் முதலிற் சென்றால், அவர் உரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார். 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பு தொலைபேசிவழி துயர் கேட்கின்றது. தனியாரை நாடுவோர், அவர் பதிவு பெற்றவரா, தமிழில் உரையாடுவாரா, கட்டணம் எவ்வளவு, பெற்றோரையும் உடன் அமர்த்திப் பேசுவாரா என்று கேட்டறிதல் நன்று. 2007ஆம் ஆண்டு ரவாங்கிற்கும் ராசாவிற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், தலைநகர்க்குச் செல்வதும் முன்போல் அரிதன்று. அரிதாயிருப்பது முதலடி எடுத்து வைக்கும் துணிவே.

அத்துணிவை ஊட்டுவோர் யார்? பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் இன்னொருவனுக்கு வழிகூறி அனுப்புவதே அவற்றின் பொதுவமைப்பு. செல்லும் பாதையையும், அங்கு வரவேற்பார் இயல்பையும் அவன் மறைக்காது உரைப்பான். தமிழகத்தில் இன்று உளநல ஆலோசனையை ‘ஆற்றுப்படுத்துதல்’ என வழங்குவது எத்துணைப் பொருத்தம்! ஆலோசகரை நாடிப் பயனடைந்த பெற்றோர் அதனை மறைத்து வைப்பதால், அடுத்த வீட்டுப் பெற்றோர் வழியறியாது தவிக்கின்றனர்.

தோட்டத்து வாத்தியார் அன்று தொழிலாளர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வந்த கடிதத்தைப் படித்தும் காட்டினார். ஆயாக்கொட்டகை மறைந்த இடங்களிலும் தமிழ்ப்பள்ளி பல நிலைத்து நிற்கின்றது. வகுப்பில் வாடியிருக்கும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியரே. அப்பிள்ளையின் பெற்றோரைத் தனியே அழைத்து, குற்றம் சாட்டாது குறை கேட்டு, “இன்னாரிடம் செல்லுங்கள், இதில் வெட்கம் ஏதுமில்லை” என்று கூறுவாராயின், அவரே இக்காலத்து ஆற்றுப்படைப் பாணர் ஆவார்.