கிடங்கு: அகழி பண்டகசாலை ஆன கதை

கிடங்கு என்றால் இன்று நெல் மூட்டையும் உரமும் சரக்கும் அடுக்கும் கட்டடம். திருவண்ணாமலை மாவட்டத்துத் தேவிகாபுரம், ஆரணிப் பக்கத்திலும் பொருள் அதுதான். சங்க நூல்களிலோ அது மதிலைச் சுற்றி வெட்டிய அகழியின் பெயர்.

இதற்கான சான்று இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. தேவிகாபுரத்துக்கு மேற்கே உள்ள பருவதமலைதான் சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நவிரமலை என்பர். அதன் தலைவன் நன்னனின் ஊர் செங்கம். பாறையை அகழ்ந்து எடுத்த அவனுடைய கிடங்கில் அலை எழும். வளைந்த கால் முதலை இரை தேடித் திரியும். அதற்கு மேல் மலைபோல் மதில் நிற்கும். தென்கிழக்கே ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊருக்கோ பெயரே கிடங்கில். சிறுபாணாற்றுப்படை பாடிய அவ்வூர் இன்று திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். கோட்டையும் அகழியும் இருந்த தடயம் அங்கே உண்டு.

இரு பொருளும் ‘கிட’ என்ற ஒரே அடியில் பொருந்துகின்றன: நீர் கிடக்கும் பள்ளம், பண்டம் கிடக்கும் அறை. ‘அகழ்’ என்ற வினை வழக்கில் நின்றதால் அகழி தன் பொருளை இழக்கவில்லை. அந்த வினை அகழாய்வு என்ற புதுச்சொல்லையும் ஈன்றது. காவல் வேலையை அகழியிடம் விட்டுவிட்டுக் கிடங்கு சரக்குப் பக்கம் போய்விட்டது. இந்தப் பொருளில் ஒரு கோட்டையே கிடங்கானதும் உண்டு: 1782இல் ஆரணிக் கோட்டை மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் போர்ப்பண்டக் கிடங்காக இருந்தது. அதைக் குறிவைத்தே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படை நடத்தி வந்தார்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. பிரெஞ்சில் மண்மேட்டைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் அகழிக்குப் பெயரானது. பள்ளம் தோண்டிய மண்ணே மேடாவதால் இது இயல்புதான். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் வீட்டைச் சுற்றி வெட்டிய அகழிகள் வயல்வெளிகளில் இன்றும் பள்ளமாகத் தெரிகின்றன.

தமிழகத்தில் வேலூர்க் கோட்டை அகழி நீரோடு நிற்கிறது. மண்ணாலான அகழிகள் அப்படித் தப்புவதில்லை. தூர்ந்து வயலாகவோ குட்டையாகவோ ஆகிவிடும். அப்போது மிஞ்சுவது பெயர்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரனின் அரண்மனை இருந்த இடத்தை மாளிகைமேடு என்ற பெயரே காட்டிக்கொடுத்தது. ஆகவே கிடங்கு, கோட்டைமேடு, அகழி என்று பெயருள்ள நிலத்தில் மண் அள்ளுமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது ஊராரின் கடமை.