குண்டு விழுந்த தூரம் வரைக்கும் கம்பெனி நிலம்

கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊர் இருக்கு. குண்டு சாலைன்னு ஒரு ரோடும் இருக்கு. பட்டணத்துலேர்ந்து வர்றவங்க, "அதென்னங்க குண்டு?"ன்னு கேப்பாங்க. பீரங்கிக் குண்டுதான்னு இங்க சொல்வோம்.

1690ல நடந்தது இது. சிவாஜியோட மகன் ராஜாராம் அப்ப செஞ்சிக் கோட்டையில இருந்தார். மொகலாயப் படை நெருக்குது, கையில பணம் வேணும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வித்தார். மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவுல உள்ள யேல் பல்கலைக்கழகம் இவர் பேர்லதான் இருக்கு.

கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம்? ஏக்கர், காணிக் கணக்கு கிடையாது. பீரங்கி சுட்டா குண்டு எங்க போய் விழுதோ, அதுவரைக்கும் கம்பெனிக்கு. பல திசையிலயும் சுட்டாங்க. கடலூர் டவுனும் சுத்துப்பட்டு கிராமங்களும் கைமாறிப் போச்சு. அதுக்குத்தான் குண்டு கிராமங்கள்னு பேர். கோட்டை, செயின்ட் டேவிட் கோட்டை ஆச்சு. 1746லேர்ந்து 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில இங்கிலீஷ்காரனுக்கு அதுதான் தலைமை இடம். 1758ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு இடிச்சுப் போட்டாங்க.

வித்தவர் வம்சம் செஞ்சியைப் பிடிச்சதே 1677லதான். பதிமூணு வருஷ ஆட்சி. வாங்கினவன் கடல் தாண்டி வந்தவன். அப்பர் பாடின திருப்பாதிரிப்புலியூர் கோயில் அதுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே இருக்கு. அந்த மண்ணுல ஏர் ஓட்டினவங்க, தறி நெய்தவங்க, வலை வீசினவங்க யாரும் அந்தப் பேரத்துல ஒரு தரப்பு இல்ல. அவங்க ஊர் எந்தப் பக்கம்னு குண்டு முடிவு பண்ணிச்சு.

அமெரிக்காவுல பென்சில்வேனியாவுலயும் 1737ல இதே மாதிரி நடந்திருக்கு. லெனாப்பே பழங்குடி மக்கள்கிட்ட, ஒரு ஆள் ஒன்றரை நாள்ல நடக்குற தூரம்னு ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினாங்க. அப்புறம் பாதையை முன்கூட்டியே வெட்டிச் சீர் பண்ணி, வேகமா ஓடுற ஆளுங்களை இறக்கிவிட்டாங்க. அந்த ஜனங்க நினைச்சதைவிட ரொம்ப அதிகமா நிலம் போச்சு.

இங்க குண்டு, அங்க கால். அளவுகோல் எதுவா இருந்தாலும் அதைப் பிடிச்சது வாங்குறவன் கைதான்.

இது பழங்கதைன்னு விட்டுட முடியாது. சிதம்பரம் பக்கம் கிள்ளை, பிச்சாவரத்துல இருளர் மக்கள் இருக்காங்க. தண்ணியில இறங்கிக் கையால தடவியே இறால் பிடிப்பாங்க. எந்த வாய்க்கால் எங்க போகுதுன்னு அவங்களுக்கு அத்துப்படி. ஆனா பட்டாவுக்கும் பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்கும் வருஷக்கணக்கா அலைஞ்சவங்க அவங்கதான். காலம் காலமா இருந்தவனுக்குக் காகிதம் இல்ல, அன்னிக்கு வந்தவனுக்குக் கிரயம் இருந்துச்சு.

அதனால உறவுகளே, ஊர்ல உங்க தாத்தா நிலம் இருந்தா, அடுத்த தடவை வரும்போது சிட்டா, அடங்கலை ஒரு தடவை பாருங்க. அப்படியே, அந்த நிலத்துல காலம் காலமா உழைச்ச குடும்பம் எதுன்னும் பெரியவங்ககிட்ட கேட்டுவைங்க. அந்தப் பேர் எந்தக் காகிதத்துலயும் இருக்காது.